துரைசானியின் மருந்துப் பெட்டி

1888-இல் வெளிவந்த ஒரு வீட்டு நிர்வாகக் கையேட்டில் ஒரு ஜோக் வருகிறது. வேலைக்காரன் சொன்னதைத் திரும்பத் திரும்ப மறக்கிறானா? எவ்வளவு சொல்லியும் மண்டையில் ஏறவில்லையா? விளக்கெண்ணெய் கொடுங்கள். ஒருவனால் கற்றுக்கொள்ளவோ நினைவில் வைத்துக்கொள்ளவோ முடியவில்லை என்றால் உடம்பில் ஏதோ கோளாறு இருக்கத்தானே வேண்டும். வயிறு சுத்தமானால் புத்தியும் சுத்தமாகிவிடும். நூலாசிரியர்களில் ஒருவர் பல வருடங்களாக இதைக் கடைசி அஸ்திரமாகக் கையாண்டு வருகிறாராம். மற்ற வேலைக்காரர்களுக்கு இது பெரிய வேடிக்கை. புதிதாகச் சேர்ந்தவன் முரண்டு பிடித்தால் பழைய ஆட்களே துரைசானியின் விளக்கெண்ணெயைச் சொல்லி அவனை மிரட்டுவார்களாம். அந்த மிரட்டலை மட்டும் ஆங்கிலப் புத்தகத்துக்கு நடுவில் இந்துஸ்தானியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

முதல் தடவை படித்தபோது நான் சிரித்தேன். நள்ளிரவு ஒன்றரை மணி. ஆபீஸில் அந்த வாரம் என் ஆன்கால் முறை, அலாரம் அடிக்கும் வரைக்கும் முழித்திருக்க எதையாவது படிக்க வேண்டியிருந்தது. சத்தமாகவே சிரித்துவிட்டேன். அடுத்த பத்திக்குப் போன பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. நான் யார் பக்கத்தில் நின்று சிரித்தேன்? கரண்டியைப் பிடித்திருக்கிற கை பக்கமா, வாயைத் திறக்கிறவன் பக்கமா?

புத்தகத்தின் பெயர் ‘தி கம்ப்ளீட் இண்டியன் ஹவுஸ்கீப்பர் அண்ட் குக்’. எழுதியவர்கள் ஃப்ளோரா ஆனி ஸ்டீல், கிரேஸ் கார்டினர். இருவருமே பஞ்சாபில் வாழ்ந்த ஐ.சி.எஸ். மனைவிகள். விளக்கெண்ணெய்க்காரர் ஸ்டீல்தான் என்று படிக்கிற யாருமே எடுத்துக்கொள்வார்கள், அந்தக் குரல் அப்படி. இந்தியாவுக்கு மணமாகி வரும் ஆங்கிலேயப் பெண்களுக்காக எழுதப்பட்டது. என்ன சட்டை கொண்டுவர வேண்டும், எந்த மருந்தை எப்போது கொடுக்க வேண்டும், சமையலறையை எப்படிச் சோதிக்க வேண்டும், பட்லர் திருடினால் என்ன செய்ய வேண்டும், கோழிக்கு என்ன தீனி போட வேண்டும், எல்லாம் இதில் உண்டு. முப்பது வருடத்துக்கும் மேலாகப் பதிப்பு மேல் பதிப்பு கண்டது. 2010-இல் ஆக்ஸ்ஃபோர்டு தன் செவ்வியல் வரிசையில் மறுபடி கொண்டுவந்தது. நான் படித்தது அந்தப் பதிப்பு.

இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு இது ராஜ் காலத்து இனிப்பு மிட்டாய்: வெராண்டா, பங்கா, ஜின், ஆயா. இன்னொரு கட்சிக்கு இது இனவாதத்துக்கான சாட்சிப் பெட்டி. வேண்டிய மேற்கோளை எடுத்துக்கொண்டு மூடிவிடலாம். இரண்டாம் கட்சி சொல்வது உண்மைதான். ஆனால் அவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் போகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. இது நல்ல புத்தகம். நன்றாக எழுதப்பட்ட, பெரும்பாலும் நியாயமாகப் பேசுகிற, வேலைக்கு ஆகிற புத்தகம். அந்த நல்லதனம்தான் பிரச்சினையே.

*

எங்கள் தொழிலில் ரன்புக் என்று ஒன்று எழுதுவோம். ராத்திரி இரண்டு மணிக்கு இந்த அலாரம் அடித்தால் முதலில் இதைப் பார், பிறகு அதை நிறுத்து, அப்புறமும் சரியாகவில்லை என்றால் இன்னாரை எழுப்பு. தூக்கக் கலக்கத்தில் இருப்பவனுக்காக எழுதப்படுவதால் அதில் அலங்காரம் கூடாது, சந்தேகம் கூடவே கூடாது. ஸ்டீலின் உரைநடை அந்த வகை. இருபது வயதுப் பெண் ஒருத்தி, பாஷை தெரியாத ஊரில், பத்துப் பன்னிரண்டு வேலையாட்கள் வரிசையாக நிற்கும் முற்றத்தில் இறங்குகிறாள். அவளுக்குத் தேவை தத்துவம் அல்ல. ஸ்டீல் அவளை உட்கார வைத்துச் சொல்கிறார்: முதலில் பாஷையைக் கற்றுக்கொள். தினமும் காலையில் ஒரு சுற்று சமையலறையையும் பாத்திரம் கழுவும் இடத்தையும் உன் கண்ணால் பார். நல்ல வேலையாள் செய்யக்கூடிய வேலையை நீ எடுத்துச் செய்யாதே. சோம்பேறி எஜமானிகள் மேல் அவருக்கு இருக்கும் எரிச்சல் வேலைக்காரர்கள் மேல் இருப்பதைவிடக் கொஞ்சமும் குறைவில்லை. படிக்கப் படிக்க, இந்த அம்மாவிடம் ஒரு வாரம் வேலை பார்த்தால் உருப்பட்டுவிடலாம் என்று தோன்றும்.

சம்பள முறையைப் பாருங்கள். பரிமாறுகிற கித்மத்காரை மாதம் 9 ரூபாய்க்கு நிரந்தரமாக வைத்துக்கொள். நல்ல ஆள் கேட்கும் கூலிக்கு இன்னும் ஒரு ரூபாய் வேண்டும். அந்த ஒரு ரூபாயைச் சம்பளத்தில் சேர்க்காதே, தனியாக வை. மறதிக்கு ஒரு பைசாவில் தொடங்கி, பொய் சொன்னால் ஒரு முழு ரூபாய் வரை அதில் அபராதம் பிடி. ஒரு ரூபாய்க்கு 64 பைசா. ஆக, ஒரு பொய் அறுபத்து நான்கு மறதிகளுக்குச் சமம். பிடித்த பணத்தை என்ன செய்வது? சின்னச் சின்ன வெகுமதிகளாக அதே ஆட்களுக்கே கொடுக்கலாம். அந்தக் கல்லாப்பெட்டியை அவர் சாம்ராஜ்யத்தின் கஜானா என்று விளையாட்டாகக் குறிப்பிடுகிறார்.

என் சம்பளச் சீட்டில் இதற்கு வேரியபிள் பே என்று பெயர். சும்மா சொல்லக்கூடாது, எங்கள் எச்.ஆர். இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

அந்தக் கஜானா என்கிற சொல் தற்செயல் இல்லை. வீட்டை நடத்துவதும் இந்தியாவை ஆள்வதும் ஒரே காரியம்தான், இரண்டுக்கும் கௌரவமும் மிடுக்கும் வேண்டும் என்று புத்தகம் வெளிப்படையாகவே சொல்கிறது. நாம் கஷ்டப்பட்டுத் தோண்டி எடுக்க வேண்டிய மறைபொருள் எதுவும் அங்கே இல்லை. எல்லாம் மேலேயே மிதக்கிறது. அதனால் இந்த நூலைப் படிக்கிற சரியான இடம் கொள்கை பேசும் பக்கங்கள் அல்ல, பொருட்கள் வரும் பக்கங்கள் என்று நினைக்கிறேன். மருந்து, துணி, சோப்பு.

*

மருந்திலிருந்து ஆரம்பிக்கலாம். அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலக் குடும்பங்களின் பெட்டியில் கட்டாயம் இருந்தவை கொய்னா, விளக்கெண்ணெய், குளோரோடைன்.

குளோரோடைன் இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. ஜான் காலிஸ் பிரௌன் என்கிற ராணுவ மருத்துவர் இந்தியாவில் இருந்தபோது காலராவுக்காகக் கலந்த மருந்து. அபின், கஞ்சா, குளோரோஃபார்ம் மூன்றும் அதில் இருந்தன. 1856 முதல் லண்டனில் புட்டியில் அடைத்து விற்றார்கள். இருமல், பேதி, தூக்கமின்மை, பல்வலி, எதற்கும் அதே புட்டி. வலி நின்றது என்பதில் ஆச்சரியமே இல்லை. காலரா நின்றதா என்பது வேறு விஷயம். இதை விட முடியாமல் அடிமையானவர்களும், அளவு மீறிக் குடித்துச் செத்தவர்களும் உண்டு.

அதில் இருந்த கஞ்சாவுக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. அதை ஆங்கில மருத்துவத்துக்கு முறையாக அறிமுகப்படுத்தியவர் வில்லியம் ப்ரூக் ஓஷாக்னஸி, கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். இந்த நாட்டு மருத்துவர்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு, பார்த்து, சோதித்து 1839-இல் கட்டுரை எழுதினார். (இதே மனுஷன்தான் பிற்பாடு 1850-களில் இந்தியாவுக்குத் தந்திக் கம்பி போட்டவர். கஞ்சாவும் நெட்வொர்க்கும் ஒரே ஆளிடமிருந்து வந்தது எனக்குத் தெரிந்த சில நண்பர்களுக்குச் சந்தோஷம் தரலாம்.)

கொய்னாவின் கதை இன்னும் சுற்று. சிங்கோனா தென் அமெரிக்க ஆண்டிஸ் மலை மரம். 1860-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் ஆள் போய் விதையும் கன்றுமாகக் கொண்டுவந்தார்கள். நட்ட இடம் நீலகிரி. ஊட்டி தாவரவியல் பூங்காவின் மெக்ஐவர் அதை வளர்த்தெடுத்தார். நடுவட்டத்தில் தோட்டம், பிறகு கொய்னா தொழிற்சாலை. தோட்ட வேலைக்குச் சிறைக்கைதிகளைப் பயன்படுத்தினார்கள். அந்தச் சிறைக் கட்டடம் இன்றும் நடுவட்டத்தில் இருக்கிறது. கூடலூர் போகும் வழியில் டீ குடிக்க நிறுத்துகிறவர்கள் எட்டிப் பார்க்கலாம்.

விளக்கெண்ணெய்க்கு எந்தச் சுற்றும் வேண்டாம். ஆமணக்கு நம் வேலியோரம் முளைப்பது. பெயரே சொல்கிறது, விளக்கெரித்த எண்ணெய். இந்தியாவின் ஆரம்பகால ரயில்களில் விளக்குக்கும் மசகுக்கும் அதுதான் ஓடியது. இந்த நாட்டு விதையைப் பிழிந்து, புட்டியில் அடைத்து, ஒட்டுச்சீட்டு ஒட்டி, ஆங்கிலக் கரண்டியில் ஊற்றி, இந்த நாட்டு ஆளுக்கே நாகரிகமாகக் கொடுக்கும்போது அது மேம்சாகிபின் மருந்து ஆகிவிடுகிறது.

எல்லாமே இங்கிருந்து போனதுதான் என்று முடித்துவிட ஆசைதான். ஆனால் முழுக்க அப்படி இல்லை. லண்டன் மருந்துக்கடைகளின் அபின் பெரும்பாலும் துருக்கிச் சரக்கு. வங்காளத்து அபினைச் சீனர்கள் தலையில் கட்டினார்கள், தங்கள் புட்டிக்கு வேறு இடத்தில் வாங்கினார்கள். ஆகவே என் வாதத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். எந்த மண்ணைக் கண்டு அந்தப் பெட்டி பயந்ததோ, அந்த மண்ணின் வேரும் விதையும் பட்டையும் பெட்டிக்குள் நிறையவே இருந்தன. புத்தகம் அதை ஒருபோதும் கடனாகப் பேசுவதில்லை.

*

துணி விஷயத்தில் பயம் இன்னும் அப்பட்டம். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிறவர்களுக்கு லண்டனில் தனிக் கடைகளே இருந்தன. போகிற ஊர், பதவி, மாதம் சொன்னால் போதும், பட்டியலைப் பார்த்துப் பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். 1871-இல் தொடங்கிய ஆர்மி அண்ட் நேவி கூட்டுறவுச் சங்கம் 1891-இல் பம்பாயிலேயே கிளை திறந்தது. ஆயத்த ஆடை என்கிற வியாபாரம் தலையெடுத்ததில் சிப்பாய்களுக்கும் குடியேறிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆயிரக்கணக்கான உடம்புகளுக்கு ஒரே நேரத்தில் சட்டை வேண்டும், ஒவ்வொருவரையும் நிறுத்தி அளவெடுக்க நேரமில்லை. அந்தச் சட்டைகளை லண்டனின் இருட்டு அறைகளில் தைத்தவர்களின் கூலி எவ்வளவு கேவலமானது என்று சார்லஸ் கிங்ஸ்லி 1850-இலேயே கோபமாக ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினார். அதனால் சட்டை விலை ஏறவில்லை.

அந்தப் பெட்டிகளில் இருந்த ஒரு சாமான்தான் எனக்குப் பிடித்தது: காலரா பெல்ட். ஒரு கம்பளித் துணிப்பட்டை, வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டியது. வயிற்றில் குளிர் தாக்குவதால் காலரா வருகிறது என்பது நம்பிக்கை. ராணுவமே அதை வழங்கியது. சென்னை மே மாதத்தில் வயிற்றைச் சுற்றி ஃபிளானல் கட்டிக்கொண்டு பரேடு நின்றவனின் வேர்க்குருவை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். காலரா தண்ணீரில் வருகிறது என்று ஜான் ஸ்நோ 1854-இல் லண்டன் பம்பைக் காட்டிச் சொல்லிவிட்டார். ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கே வந்து, இங்குள்ள குளங்களையும் பிணங்களையும் ஆராய்ந்து, 1884-இல் கிருமி இதுதான் என்று அறிவித்தார். அதே 1884-இல்தான் உடம்பு முழுக்கக் கம்பளி அணிவதே ஆரோக்கியம் என்ற டாக்டர் யேகரின் கொள்கையை வைத்து லண்டனில் ஒரு கம்பெனி தொடங்கப்பட்டது. கிருமி வந்த பிறகும் பெல்ட் போகவில்லை. முதல் உலகப்போர் வரைக்கும் கட்டினார்கள்.

ஏன் போகவில்லை என்று ஒரு டெவலப்பரிடம் கேட்டால் சொல்வான். பழைய சிஸ்டத்தில் யாரோ எழுதிவைத்த ஒரு வரி இருக்கும். எதற்கென்று யாருக்கும் தெரியாது. எடுக்கலாமா என்று கேட்டால் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். எடுத்து ஏதாவது ஆகிவிட்டால்? அது இருந்தவரைக்கும் சாகவில்லையே. செத்தவர்கள் சரியாகக் கட்டியிருக்க மாட்டார்கள்.

ஆனால் இன்னொரு காரணமும் உண்டு, அது தொழில்நுட்பக் காரணம் இல்லை. தண்ணீர்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டால் எல்லோருக்கும் சேர்த்துத் தண்ணீரைச் சரிசெய்ய வேண்டும். குளிர்தான் காரணம் என்றால் என் வயிற்றை நான் கட்டிக்கொண்டால் போதும்.

தலைக்கு சோலா தொப்பி. இந்தியச் சூரியன் மண்டையைத் துளைத்து ஆளைக் கிறுக்காக்கிவிடும் என்று பயந்தார்கள். முதுகுத்தண்டுக்குக்கூட ஒரு பஞ்சுப் பட்டை இருந்தது. அந்த சோலா என்பது என்ன தெரியுமா? நெட்டி. குளத்தில் வளரும் நம்ம நெட்டிச் செடியின் தக்கை. தஞ்சாவூரில் இதே நெட்டியில்தான் கோபுரமும் சிற்பமும் செதுக்குகிறார்கள், மாட்டுப் பொங்கலுக்குச் சாயம் தோய்த்த மாலை கட்டுகிறார்கள். சூரியனுக்குப் பொங்கல் வைத்த மறுநாள் மாட்டின் கழுத்தில் விழுகிற அதே நெட்டி, சூரியனுக்குப் பயந்தவர்களின் தலையில் ஏறியிருந்தது.

*

சோப்பைப் பற்றிப் பேசினால் ஆன் மெக்ளின்டாக்கைத் தாண்டிப் போக முடியாது. 1995-இல் வந்த அவருடைய ‘இம்பீரியல் லெதர்’ நூல் பியர்ஸ் சோப்பு விளம்பரங்களை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு முழு அத்தியாயம் பேசுகிறது. கறுப்புக் குழந்தையைத் தேய்த்து வெள்ளையாக்கும் படம், சுத்தமே நாகரிகம் என்று போர்க்கப்பல் தளபதி கை கழுவும் 1899-ஆம் வருடத்து விளம்பரம். பேரரசு எப்படி ஒரு சோப்புக்கட்டி வடிவில் வீட்டுக்குள்ளே நுழைந்தது என்று அவர் காட்டியதை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் படங்களை மட்டும் பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விளம்பரத்தில் சோப்பு தானாகவே வேலை செய்கிறது. எடுத்தான், தேய்த்தான், வெளுத்தான். தண்ணீர் எங்கிருந்து வந்தது? அழுக்குத் தண்ணீர் எங்கே போனது?

அதற்கு ஸ்டீலின் புத்தகத்துக்கு வர வேண்டும். 1888-இல், இந்தப் புத்தகம் வந்த அதே வருடம், கல்கத்தா துறைமுகத்தில் சன்லைட் சோப்புப் பெட்டிகள் வந்து இறங்கின. ஆனால் அந்தச் சோப்பு ஒரு துரைசானியின் உடம்பைத் தொடுவதற்குள் எத்தனை பேர்! பிஸ்தி தோல்பையில் தண்ணீர் சுமந்து வர வேண்டும். ஒருவர் அடுப்பில் காய்ச்ச வேண்டும், ஒருவர் தகரத் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஆயா துணியோடு நிற்க வேண்டும். கடைசியில், பின்வாசல் வழியாக வந்து, மலச்சட்டியை எடுத்துக்கொண்டு அதே வழியாகப் போக ஒரு மெஹ்தர் வேண்டும். நம் ஊரில் தோட்டி என்பார்கள். ஒவ்வொருவரின் வேலையையும் தனித்தனியாக எழுதுகிறது கையேடு. விளம்பரம் மறைப்பதைக் கையேடு மறைப்பதில்லை, மறைக்க அதற்கு அவசியமும் இல்லை. ஆள் இல்லாமல் சுத்தம் இல்லை என்பது அதற்குத் தெரியும்.

இங்கே ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மெஹ்தர் பின்வாசலில் வர வேண்டும் என்பதை ஸ்டீல் கண்டுபிடிக்கவில்லை. அது அவர் வருவதற்கு முன்பே இங்கே தயாராக இருந்தது. அவர் செய்ததெல்லாம் தயாராக இருந்த படிக்கட்டின் உச்சியில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டதுதான். வீட்டில் பத்துப் பேர் இருந்தும் ஏன் ஒரு நாளும் ஒன்றுசேரவில்லை என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்தப் படிக்கட்டில் இருக்கிறது. விளக்கெண்ணெய் ஜோக்கைப் பழைய வேலைக்காரர்கள் ஏன் ரசித்தார்கள் என்பதற்கும்.

*

அந்த ஜோக்குக்கே திரும்பி வருகிறேன்.

ஸ்டீல் சாதாரண துரைசானி இல்லை. 1868 முதல் 1889 வரை பஞ்சாபில் இருந்தவர். பாஷையை நன்றாகக் கற்றவர், பெண்களுக்கான பள்ளிகளுக்காக உழைத்தவர், உள்ளூர்ப் பெண்களுக்கு மருந்து கொடுத்தவர். 1857 கலகத்தை வைத்து நாவல் எழுதியவர். எல்லாவற்றுக்கும் மேலே, நாட்டார் கதை சேகரித்தவர். ஆர்.சி. டெம்பிளுடன் சேர்ந்து 1884-இல் அவர் கொண்டுவந்த ‘வைட் அவேக் ஸ்டோரீஸ்’ பஞ்சாப், காஷ்மீர் கதைகளின் தொகுப்பு. கிராமத்தாரிடமும் குழந்தைகளிடமும் உட்கார்ந்து கேட்டு எழுதியவை. நாட்டார் கதை சொல்கிறவரின் நினைவு எப்படிப்பட்டது என்று கேட்ட அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும். ராஜா வேட்டைக்குப் போவார், கிளியின் தொண்டையில் உயிர் இருக்கும், ஏழு மகன்களுக்கும் ஏழு சோதனை, ஒன்றைக்கூட விடாமல் சொல்லிக்கொண்டு போவார்கள். நடுவில் நாம் தூங்கிவிட்டால் அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து எடுப்பார்கள்.

அந்த நினைவைக் காதுகொடுத்துக் கேட்டு, அதற்கு மரியாதை கொடுத்துப் புத்தகம் போட்ட அதே கை நான்கு வருடம் கழித்து, இந்த மக்களால் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது, விளக்கெண்ணெய் ஊற்றுங்கள் என்று எழுதியது.

இதை வெறும் முரண்பாடு என்று கடந்துபோக எனக்கு மனசில்லை. இரண்டும் ஒரே அம்மாதான், இரண்டுமே மனப்பூர்வமானவை. வித்தியாசம் ஓர் இடத்தில்தான். கதை சொல்கிறவன் தன்னுடையதை நினைவில் வைத்திருந்தான். வேலைக்காரன் அவருடையதை நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது. எந்தக் கரண்டி எந்தப் பக்கம், எந்தத் துணியால் எந்தக் கண்ணாடி. அந்த ஞாபகம் அவனுக்கு எதற்கு? ஒருவேளை அவன் மறக்கவே இல்லையோ என்னவோ. மறந்ததுபோல நிற்பது அந்த வீட்டில் அவனுக்கு மிச்சமிருந்த ஒரே ஓய்வாக இருந்திருக்கலாம். ஒரு பைசா அபராதம் கட்டி வாங்கிய ஓய்வு. இது என் ஊகம்தான், புத்தகத்தில் அவன் வாயைத் திறப்பது எண்ணெய்க்கு மட்டும்.

வேலைக்காரர்கள் வயது மட்டும் வளர்ந்த குழந்தைகள் என்பது புத்தகத்தின் வாதம். அந்த வாதத்துக்கு ஆதாரமாகத்தான் விளக்கெண்ணெய் சம்பவமே வருகிறது. இங்கே எனக்கு என் அப்பத்தா ஞாபகம் வருகிறது. அரைப் பரீட்சை லீவில் ஊருக்குப் போனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேரன் பேத்தி எல்லோரையும் திண்ணையில் வரிசையாக உட்கார வைத்து விளக்கெண்ணெய் புகட்டும். ஓடினால் தொடை நடுவில் இடுக்கிக்கொண்டு மூக்கைப் பிடிக்கும். "முழுங்குடா, துப்புனே இன்னொரு கரண்டி" என்று மிரட்டும். அன்றைக்குப் பூராவும் ரசம் சோறு. மற்ற நாட்களில் சேட்டை தாங்க முடியவில்லை என்றால், "பேதிக்குக் குடுத்தாத்தான்டா நீ அடங்குவ" என்று சொல்லும். ஆக விளக்கெண்ணெய் மருந்தும் தண்டனையும் சேர்ந்தது என்பது நமக்குப் புதிதில்லை. நான் சிரித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அப்பத்தா அதை எங்கள் தாத்தாவுக்குக் கொடுத்ததில்லை. களை எடுக்க வந்தவர்களுக்குக் கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால், வளர்ந்த ஆளின் மூக்கைப் பிடித்திருந்தால், அது என்னவாகியிருக்கும் என்று யோசிக்கும்போதுதான் கையேட்டின் சிரிப்பு தொண்டையில் நிற்கிறது. மீசை வைத்த, பெண்டாட்டி பிள்ளை உள்ள ஒருவன், தன் கூட்டாளிகள் பார்த்துச் சிரிக்க, வாயைத் திறந்து நிற்கிறான். அன்றைக்கு முழுக்க அவன் வயிறு அவன் வசம் இல்லை. அடித்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். மருந்தைக் கொடுத்தவரிடம் எப்படிக் கோபப்படுவது? நல்லதுக்குத்தானே கொடுத்தார்கள்.

அந்த மிரட்டல் வசனத்தை ஸ்டீல் தன் வாயால் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மூத்த வேலைக்காரர்கள் சொல்கிறார்கள், அவர்கள் பாஷையிலேயே. கதை சேகரித்தவருக்கு ஒரு வசனத்தை யார் வாயில் வைத்தால் எடுக்கும் என்று தெரியாதா? அந்த ஒரு வரி இந்துஸ்தானியில் இருப்பதால்தான் ஜோக் ஜோக்காக நிற்கிறது. அவரே ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் அது உத்தரவாக இருந்திருக்கும்.

*

2020 கடைசியில், ஊரடங்கு தளர்ந்து வீட்டு வேலைக்கு ஆட்களை மறுபடி அனுமதிக்கலாம் என்று எங்கள் அபார்ட்மென்டில் முடிவானது. விதிமுறை எழுத ஆள் தேடினார்கள். எனக்கு டாக்குமென்ட் எழுத வரும் என்று எல்லோருக்கும் தெரியும், நானே கையைத் தூக்கினேன். ஒரு ராத்திரியில் எழுதி முடித்தேன். கேட்டில் காய்ச்சல் சோதனை, சானிடைசர், பணியாளர்களுக்கு இடது லிஃப்ட், வீட்டுக்குள் நுழைந்ததும் முழங்கை வரை சோப்பு, தண்ணீர் குடிக்கத் தனி டம்ளர், இருமல் இருந்தால் அன்றைக்கு வர வேண்டாம். குரூப்பில் ஏகப்பட்ட கட்டைவிரல்கள். இவ்வளவு தெளிவாக இதுவரை யாரும் எழுதியதில்லை என்றார் ஓர் அங்கிள்.

எங்கள் வீட்டில் சமைக்க வருகிற அக்கா முதல் நாள் வந்து, கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "ஏன் தம்பி, பிளேன்ல வந்த சீக்குன்னுதானே டிவில சொன்னாங்க? நான் கண்ணகி நகர்ல இருந்து ஷேர் ஆட்டோல வரேன். எனக்கு எதுக்குத் தம்பி நெத்தியில சூடு பாக்குறாங்க?"

எல்லோருடைய நல்லதுக்கும்தான்க்கா என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த டாக்குமென்ட் இன்னும் என் டிரைவில் இருக்கிறது. ஸ்டீலைப் படித்து முடித்த வாரம் திறந்து பார்த்தேன். எழுத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. பதினொரு விதிகள். குறுகிய வாக்கியங்கள், எங்கும் சந்தேகத்துக்கு இடமில்லை. ஏழாவது விதி தனி டம்ளரைப் பற்றியது. அந்த வரியின் கடைசியில் ஒரு ஸ்மைலி போட்டிருக்கிறேன்.